முத்துக்குளித்துறையை எழுதிய இளைஞர்கள்
சமூக அறிவியலில் இளம் ஆய்வாளர் விருதுகள்: வரலாறும் குறைகளும் தேவையும்

சமூக அறிவியல் துறைகளில் 45 வயதுக்கு உட்பட்ட இந்திய ஆய்வாளர்களுக்கு வழங்கப்படும் வி.கே.ஆர்.வி. ராவ் விருது, 2007-ல் வரலாற்றுத் துறைக்காக ஆ.இரா. வேங்கடாசலபதிக்குக் கிடைத்தது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் அவர் பணியாற்றிவந்த காலம் அது. அவருடைய ஆய்வு வாழ்க்கையின் தொடக்கப்புள்ளி தூத்துக்குடியில் இருக்கிறது. ‘வ.உ.சி. கடிதங்கள்’ என்ற தொகுப்பை 1984-ல் அவர் பதிப்பித்தபோது பதின்வயதைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. கப்பலோட்டிய தமிழரின் கடிதங்களைத் தேடிப் புறப்பட்ட அந்த இளைஞருக்கு, நாடறிந்த ஓர் ஆய்வு விருது வந்துசேர இருபது ஆண்டுகளுக்கு மேலாயின.

இளம் ஆய்வாளர் விருதுகள் எதற்காக ஏற்பட்டன, யாரைச் சென்றடைகின்றன, யாரைத் தவறவிடுகின்றன என்பதை அறிய தூத்துக்குடிக் கடற்கரை நல்ல இடம். முத்துக்குளித்தல், உப்பளம், தோணி, துறைமுகம், பஞ்சாலை, தேவாலயம், மக்கள் போராட்டம் என்று இந்தக் கரையின் வாழ்வு முழுவதுமே சமூக அறிவியலுக்குரியது. இதைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, ஆய்வுலகில் அப்போதுதான் காலூன்றிய இளைஞர்கள் தேடித் தந்தது.

காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பெயர்

விருதுக்குப் பெயர் தந்த விஜயேந்திர கஸ்தூரி ரங்க வரதராஜ ராவ் 1908-ல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பொருளியல் பயின்றவர். பிரிட்டிஷ் இந்தியாவின் 1931–32-ம் ஆண்டு தேசிய வருமானத்தை முறையாகக் கணக்கிட்ட அவருடைய நூல் 1940-ல் வெளிவந்தபோது அவருக்கு வயது 32. இந்தியாவின் தேசிய வருமானக் கணக்கீட்டுக்கு அடித்தளம் இட்ட நூல்களில் அது ஒன்று. ஓர் இளம் ஆய்வாளரின் உழைப்பு ஒரு நாட்டுக்கு என்ன தர முடியும் என்பதற்கு ராவே சான்று.

பின்னாளில் அவர் நிறுவனங்களைக் கட்டினார். 1949-ல் டெல்லி பொருளியல் பள்ளி, 1958-ல் பொருளாதார வளர்ச்சி நிறுவனம், 1972-ல் பெங்களூரில் சமூகப் பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனம் ஆகிய மூன்றும் அவர் நிறுவியவை. சமூக அறிவியல் ஆய்வுக்கென்று தேசிய அளவில் ஓர் அமைப்பு வேண்டும் என்று பரிந்துரைத்த குழுவுக்கும் அவரே தலைவர். அந்தப் பரிந்துரையின்படி 1969-ல் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் உருவானது. ஆய்வாளர்களுக்கு நல்கை, உதவித்தொகை, ஆய்வு நிறுவனங்களுக்கு நிதி ஆகியவற்றை இந்தக் கழகம்தான் இன்றும் வழங்கிவருகிறது.

ராவின் பெயரிலான விருது பெங்களூர் நிறுவனத்தோடு இணைந்தது. பொருளியல், வரலாறு உள்ளிட்ட சமூக அறிவியல் துறைகளுக்கு வழங்கப்படுகிறது. சாதி, பாலினப் பாகுபாடுகளின் பொருளாதாரத்தை ஆராயும் அஸ்வினி தேஷ்பாண்டேயும் பொருளியலுக்காக 2007-ல் இதே விருதைப் பெற்றார்.

கடிதங்களில் தொடங்கிய தேடல்

வேங்கடாசலபதியின் ஆய்வுப் பயணத்தைச் சற்று விரிவாகப் பார்த்தால், இளம் வயதில் கிடைக்கும் அங்கீகாரம் ஏன் தேவை என்பது விளங்கும்.

வ.உ.சி. தொடங்கி 1906 அக்டோபரில் பதிவான சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் ஆதிக்கத்தை எதிர்த்துத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டது. 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. 1908 தொடக்கத்தில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார், மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் எழுச்சி வெடித்தது. ஜூலையில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1912 இறுதியில் அவர் விடுதலையாகி வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, கப்பல் இல்லை, வழக்கறிஞர் தொழிலுக்கான உரிமையும் இல்லை.

இந்தக் கதையின் உருவரை தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் கம்பெனியின் பங்குகளை வாங்கியவர்கள் யார், பயணக் கட்டணப் போட்டி எப்படி நடந்தது, எழுச்சி நாளில் தெருவுக்கு வந்தவர்கள் என்ன தொழில் செய்தவர்கள், அரசு அவர்களை எப்படித் தண்டித்தது என்பவற்றுக்கு விடை காண ஆவணங்களைத் தேடிப் பல ஆண்டுகள் அலைய வேண்டும். நீதிமன்றப் பதிவுகள், காவல் துறைக் குறிப்புகள், பழைய நாளிதழ்கள், தனியார் வீடுகளில் கிடக்கும் கடிதக் கட்டுகள் என்று சிதறிக் கிடப்பவை அந்த ஆவணங்கள்.

வேங்கடாசலபதி 1980-களிலேயே இந்தப் பொருளில் நூல் எழுதத் தொடங்கினார். பிறகு டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பதிப்புலக வரலாற்றை முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தார். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். தமிழகத்தில் காபி நுழைந்த வரலாறு முதல் பாரதியின் படைப்புகள் நாட்டுடைமையான வரலாறு வரை எழுதினார். வ.உ.சி.யை மட்டும் கைவிடவே இல்லை. ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ என்ற அவருடைய ஆய்வு நூல் 2024-க்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. சுதேசிக் கப்பல் கம்பெனியின் முழு வரலாற்றைச் சொல்லும் ஆங்கில நூல் 2023-ல் வந்தது. பதின்வயதில் கையில் எடுத்த ஒரு பொருள் முழுமை பெற ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

சமூக அறிவியலின் இயல்பு இதுதான். விளைச்சலுக்கு நீண்ட காலம் தேவைப்படும் துறையில், விதைப்புக் காலத்தில் ஆய்வாளரைத் தாங்குவதற்கு ஏதேனும் ஒன்று வேண்டும். இளம் ஆய்வாளர் விருதின் பயன் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

முத்துப் பார்களைத் தேடி வந்தவர்கள்

கொற்கை முத்துக்குப் பெயர்பெற்றது சங்க காலத்தில். கொற்கைக்குப் பின் காயலும், அதற்குப் பின் தூத்துக்குடியும் முத்து வணிகத்தின் மையங்களாயின. 1530-களில் முத்துக்குளிக்கும் சமூகமான பரதவர் கத்தோலிக்கம் தழுவினர். 1542-ல் பிரான்சிஸ் சேவியர் இந்தக் கரைக்கு வந்தார். 1658-ல் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். 1825-ல் அது ஆங்கிலேயர் வசமானது. மன்னார் வளைகுடாவில் பார் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளில் அரசு மேற்பார்வையில் நடந்துவந்த முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நின்றுபோனது.

இந்த வரலாற்றை எழுத முனைபவருக்குத் தமிழும் ஆங்கிலமும் போதா. போர்த்துகீசிய, டச்சு ஆவணங்களையும் வாசிக்க வேண்டும். எழும்பூரின் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலிருந்து கொழும்பு, லிஸ்பன், ஹேக் நகரக் காப்பகங்கள் வரை செல்ல வேண்டும். அந்தக் கடினத்தையும் மீறி ஒவ்வொரு தலைமுறையிலும் சிலர் இந்தக் கரைக்கு வந்திருக்கிறார்கள்.

தமிழகக் கடற்கரையின் முத்துக்குளிப்பு வரலாறு குறித்து எஸ். அருணாசலம் எழுதிய நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1952-ல் வெளியிட்டது. பின்வந்த ஆய்வாளர் அனைவரும் அதிலிருந்தே தொடங்கினர். பரதவரின் சாதித்தலைவர் அமைப்பையும் கத்தோலிக்கத் திருச்சபையோடு அவர்களுக்கு இருந்த உறவையும் பற்றி எஸ்.பி. காஃப்மன் என்ற இளம் ஆய்வாளர் 1981-ல் ‘மாடர்ன் ஏஷியன் ஸ்டடீஸ்’ இதழில் கட்டுரை எழுதினார். சூசன் பெய்லி என்ற பெயரில் பின்னர் கேம்பிரிட்ஜின் புகழ்பெற்ற வரலாற்று மானிடவியலாளராக விளங்கியவர் அவரே. தென்னிந்தியாவின் முஸ்லிம், கிறித்தவச் சமூகங்களைப் பற்றி 1989-ல் வெளிவந்த அவருடைய பெருநூலில் தூத்துக்குடி முக்கியமான ஓர் அத்தியாயம்.

பாட்ரிக் ரோச் பரதவர் சமூகத்தைப் பற்றிய ஆய்வு நூலை 1984-ல் வெளியிட்டார். மதுரை நாயக்கர் அரசுக்கும் டச்சுக் கம்பெனிக்கும் இருந்த உறவை டச்சு ஆவணங்களிலிருந்து எழுதிய மார்கஸ் விங்க், 17-ம் நூற்றாண்டுப் பரதவரின் நிலையையும் விளக்கினார். சாமுவேல் ஆஸ்ட்ராஃப் 2016-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் பட்ட ஆய்வு, தென்னிந்திய, இலங்கை முத்துக்குளிப்பை ஆட்சியாளரின் அதிகாரம், லாபம் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தது.

2024-ல் மனிதவியல், சமூக அறிவியல் பிரிவில் இன்ஃபோசிஸ் விருது பெற்ற மஹ்மூத் கூரியாவின் ஆய்வும் இந்தக் கரைக்கு நெருக்கமானது. கேரளத்தைச் சேர்ந்த அவர், இந்தியப் பெருங்கடல் வழியே இஸ்லாமியச் சட்ட நூல்கள் எப்படிப் பயணம் செய்தன என்பதை ஆராய்ந்தவர். அவர் எழுதும் ஷாஃபி சட்ட மரபைத்தான் தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள காயல்பட்டினமும் பின்பற்றுகிறது. கடல்வழி இஸ்லாம் குறித்த ஆய்வுக்கு இப்படி ஒரு விருது கிடைக்கும்போது, மலபாரின் சிறு துறைமுகங்களோடு காயலும் கீழக்கரையும் ஆய்வுலகின் பார்வைக்கு வருகின்றன.

விருதுகளில் எத்தனை வகை

இளம் ஆய்வாளருக்கான அங்கீகாரங்கள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. அவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, குறிப்பிட்ட வயதுக்குள் ஒருவர் செய்த மொத்தப் பணிக்காகத் தரப்படுவது. ராவ் விருது இந்த வகை. உலக அளவில் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, அமெரிக்கப் பொருளியல் சங்கம் 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வழங்கும் ஜான் பேட்ஸ் கிளார்க் பதக்கம். 1947-ல் அதை முதலில் பெற்ற பால் சாமுவேல்சனுக்கு 1970-ல் நோபல் பரிசு கிடைத்தது. 2010-ல் பெற்ற எஸ்தர் டூஃப்லோவுக்கு 2019-ல் கிடைத்தது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராஜ் செட்டி 2013-ல் இந்தப் பதக்கத்தையும் 2020-ல் இன்ஃபோசிஸ் விருதையும் பெற்றார். ஏழைக் குடும்பத்துக் குழந்தைகள் வளர்ந்து எவ்வளவு முன்னேற முடிகிறது என்பது அவர்கள் வளரும் ஊரைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்று காட்டியவர் அவர். ஒரு லட்சம் அமெரிக்க டாலரும் தங்கப் பதக்கமும் கொண்ட இன்ஃபோசிஸ் விருதுக்கான வயது வரம்பு 50-லிருந்து 40-ஆகக் குறைக்கப்பட்டது, 2024-ல்.

இரண்டாம் வகை, முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குத் தரப்படுவது. இந்திய ஏற்றுமதி இறக்குமதி வங்கி பன்னாட்டுப் பொருளியல் ஆய்வேடுகளுக்கு வழங்கும் விருது அத்தகையது. மூன்றாம் வகை, ஒரு தனிக் கட்டுரைக்குத் தரப்படுவது. இந்தியச் சமூகவியல் சங்கம் தன் ஆய்விதழில் எழுதும் இளம் ஆய்வாளருக்காக எம்.என். சீனிவாஸ் பெயரில் ஒரு பரிசை வைத்திருக்கிறது. நான்காம் வகை, இனிச் செய்யப்போகும் வேலைக்கு முன்கூட்டியே தரப்படும் நல்கை. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு உதவித்தொகைகள் இதில் அடங்கும்.

பெயரும் புகழும் சேர்ப்பதில் முதல் வகைக்கு ஈடில்லை. ஆனால் ஆய்வாளர் ஒருவரின் வாழ்க்கையையே மாற்றுபவை பெரும்பாலும் பின்னிரண்டு வகைகள்தான். பெரிய விருது வரும்போது ஆய்வாளர் ஏற்கெனவே நிலைபெற்றிருப்பார். முதல் கட்டுரைக்குக் கிடைக்கும் பரிசும், ஆறு மாதம் ஆவணக் காப்பகத்தில் உட்கார உதவும் தொகையும், அவர் ஆய்வில் நீடிப்பாரா விலகுவாரா என்பதையே தீர்மானிக்கும்.

வயதுக் கணக்கு

பிறந்த ஆண்டை வைத்து இளமையை அளப்பது எளிது. அது எல்லோருக்கும் நியாயமாக அமைவதில்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் கல்லூரிக்குள் முதன்முதலாக நுழையும் தலைமுறையைச் சேர்ந்த ஓர் இளைஞர், வீட்டுச் சூழலால் இடையில் வேலைக்குப் போய், பிறகு முதுகலை முடித்து, பகுதிநேரமாக ஆய்வு செய்து 38 வயதில் முனைவர் பட்டம் பெறலாம். 40 என்ற வரம்பு அவருக்கு இரண்டே ஆண்டுகளைத் தருகிறது. வசதியுள்ள குடும்பத்தில் பிறந்து 27 வயதில் பட்டம் பெற்றவருக்கோ 13 ஆண்டுகள். திருமணம், மகப்பேறு, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றால் ஆய்வை நிறுத்தித் தொடரும் பெண்களுக்கு இந்த இடைவெளி இன்னும் கூடும்.

கௌரவ விரிவுரையாளராகக் குறைந்த ஊதியத்தில் வாரம் முழுதும் வகுப்பெடுத்துக்கொண்டு, விடுமுறை நாளில் மட்டும் களஆய்வுக்குப் போகிறவர்களின் வேகமும் வேறு. ஆய்வு நிறுவனங்களில் முழுநேரம் பணிபுரிபவரோடு அவர்களை ஒரே தட்டில் வைத்து எடைபோட முடியாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் தன் தொடக்கநிலை நல்கைக்குப் பிறந்த ஆண்டைப் பார்ப்பதில்லை. முனைவர் பட்டம் பெற்ற ஆண்டிலிருந்து கணக்கிடுகிறது. தாய்மார்களுக்குக் குழந்தை ஒன்றுக்கு 18 மாதங்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன. இந்திய விருதுகளும் இந்த முறைக்கு மாறினால், இன்று வரம்புக்கு வெளியே நிற்கும் திறமையாளர் பலர் உள்ளே வருவார்கள்.

மொழி என்னும் வேலி

வயதைவிட உயரமான வேலி மொழி. தேசிய அளவிலான தேர்வுக் குழுக்கள் வாசிப்பது பெரும்பாலும் ஆங்கில ஆய்விதழ்களையும் ஆங்கிலப் பதிப்பகங்களின் நூல்களையும்தான். தமிழில் எழுதப்படும் சமூக ஆய்வு அந்த மேசையை எட்டுவதே அரிது.

தென்மாவட்டங்களில் தமிழில் சமூக ஆய்வு செய்யும் மரபு வலுவானது. நா. வானமாமலை 1967-ல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திவந்த அவர் எந்தப் பல்கலைக்கழகத்தின் ஆதரவும் இன்றி இளைஞர்களைக் கூட்டினார். அவர்கள் கட்டுரை படித்தார்கள், மற்றவர்கள் கேள்வி கேட்டார்கள், கட்டுரை திருத்தப்பட்டது. 1969-ல் அவர் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழில் தேறிய கட்டுரைகள் அச்சேறின. பரிசுத் தொகையோ பதக்கமோ அங்கே இல்லை. ஆயினும் ஓர் இளம் ஆய்வாளருக்கு வேண்டியது எல்லாம் இருந்தது: எழுதியதைக் கவனமாகப் படிக்கும் ஒருவர், தவற்றைச் சுட்டும் ஒரு குழு, வெளியிட ஓர் இதழ்.

அந்த மரபில் வந்தவர் ஆ. சிவசுப்பிரமணியன். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் தமிழ் கற்பித்த அவர், கோரல் மில் வேலைநிறுத்தத்தையும் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் கொலையையும் பற்றி 1980-களில் எழுதினார். பின்னர் கிறித்தவத்தில் சாதி, தமிழ்ப் பண்பாட்டில் உப்பு, பனைமரம் என்று விரிந்தது அவருடைய ஆய்வு. உப்பளங்கள் சூழ்ந்த ஊரில் வாழ்ந்த ஒருவர் உப்பின் சமூக வரலாற்றை எழுதியபோது, ஆவணங்களோடு பழமொழியும் வழக்காறும் தொழிலாளரின் பேச்சும் சான்றுகளாயின. இந்த நூல்கள் தமிழ் வாசகர்களிடம் பெரும் மதிப்பைப் பெற்றவை. ஆங்கிலத்தில் மட்டும் வாசிக்கும் தேர்வுக் குழுவின் கண்ணில் அவை பட வாய்ப்பில்லை.

தமிழ்ப் பணிக்கு இளையோர் விருதே இல்லை என்று சொல்ல முடியாது. 30 முதல் 40 வயது வரையிலானவர்களுக்குச் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் வழியே குடியரசுத் தலைவரின் இளம் அறிஞர் விருது தரப்படுகிறது. அதன் களம் செவ்வியல் தமிழ். 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் 2011 முதல் தமிழுக்கும் வழங்கப்படுகிறது. அதன் களம் இலக்கியம். உப்பளத் தொழிலாளரின் கூலியைத் தமிழில் ஆராயும் இளம் சமூகவியலாளருக்கு இரண்டிலும் இடம் இல்லை.

கரை கேட்கும் ஆய்வுகள்

இந்தக் கரையில் இன்னும் எழுதப்படாதவை ஏராளம். உப்புப் பாத்திகளில் வெயிலில் நிற்கும் பெண்களின் உடல்நலமும் கடனும், சங்கு குளிப்போரின் தொழில்முறையும் ஆபத்தும், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற தோணிகளின் பொருளாதாரம், அவற்றை ஓட்டியவர்களின் கடலறிவு, துறைமுக விரிவாக்கத்தால் மாறிவரும் மீனவக் குடியிருப்புகள், 2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோன ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டம் என்று ஒவ்வொன்றும் ஒரு முழு ஆய்வைக் கோருகிறது. இவற்றுள் சில, அறிந்தவர்கள் மறைவதற்குள் பதிவாக வேண்டியவை. 1961-ல் முத்துக் குளித்தவர்கள் இன்று முதிர்ந்த வயதினர். அவர்கள் நினைவிலிருப்பதைக் கேட்டு எழுதும் இளைஞருக்குக் காத்திருக்க நேரமில்லை.

வ.உ.சி.யின் 150-வது பிறந்த ஆண்டையொட்டி 2021-ல் தமிழக அரசு வெளியிட்ட அறிவிப்புகளில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் ஆய்விருக்கையும், கப்பல் துறையில் சிறந்து விளங்கும் தமிழருக்கு அவர் பெயரில் விருதும் இடம்பெற்றன. தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கப்பல் கம்பெனி நடத்திய வ.உ.சி. தொல்காப்பிய உரையைப் பதிப்பித்த அறிஞரும்கூட. அவர் பெயரில் இளம் சமூக ஆய்வாளருக்கு ஒரு விருது ஏற்படுவது எல்லா வகையிலும் பொருத்தமானது.

அந்த விருது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மேலே கண்ட அனுபவங்களே வழிகாட்டுகின்றன. தமிழில் எழுதிய ஆய்வையும் ஆங்கிலத்தில் எழுதியதையும் சமமாக ஏற்க வேண்டும். காலத்தை முனைவர் பட்டம் பெற்ற ஆண்டிலிருந்து எண்ண வேண்டும். ஆய்வேடு எழுதாத தனி ஆய்வாளருக்கு முதல் நூல் வெளிவந்த ஆண்டு அளவாகட்டும். தேர்வுக் குழுவில் களத்தை அறிந்தவர்கள் இருக்க வேண்டும். பரிசு பெறுபவருக்கு ஓராண்டு வகுப்புச் சுமை இன்றி ஆய்வு செய்யும் வாய்ப்பு வேண்டும். முடித்த ஆய்வு நூலாகி, அது யாரைப் பற்றியதோ அவர்கள் கைக்கும் சென்றுசேர வேண்டும்.

இதற்குப் பெருந்தொகை தேவையில்லை. துறைமுக ஆணையமும், தூத்துக்குடியின் கல்லூரிகளும், நெல்லைப் பல்கலைக்கழகமும், இந்தக் கரையில் பொருளீட்டிய தொழில் நிறுவனங்களும் கைகோத்தால் போதும். தங்கள் ஊரை ஆராய முன்வரும் இளைஞர்களுக்கு அந்த ஓராண்டை இந்த ஊரே கொடுக்க வேண்டும்.